கைக்கு வயதில்லை: நகரத்தில் பெரியவர்களுக்கான கலை வகுப்புகள்



பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். டியூஷன், நடன வகுப்பு, மிருதங்க வகுப்பு என்று அவர்களுக்காக ஓடுகிறோம். இன்று பெரியவர்களின் கல்வியைப் பற்றிச் சிறிது பேசுவோம். அதிலும், கையால் செய்து கற்கும் கல்வியைப் பற்றி. படம் வரைவது, வண்ணம் தீட்டுவது, களிமண்ணில் பாண்டம் வனைவது, துணியில் பாத்தேக் எழுதுவது ஆகியவற்றை வளர்ந்த ஆணும் பெண்ணும் ஓர் ஆசிரியர் முன் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் எங்கே போவது? என்ன கேட்பது? எவ்வளவு செலவழிக்கலாம்?

இதற்குக் கோலாலம்பூரையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறந்த பலர் இன்று அந்நகரத்தின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். தோட்டத்திலேயே இருப்பவர்களும் மகனையோ மகளையோ பார்க்க அங்கே போய் வருகிறார்கள். போன இடத்தில் கடைத்தொகுதிகளைச் சுற்றிவிட்டுத் திரும்புவதைவிட, ஒரு நாளை இதற்குச் செலவிடலாமே என்பதுதான் நம் எண்ணம்.

இப்படிச் சொன்னவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி நமக்குத் தெரியும். “இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்பார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியும் கூடவே வரும். அந்தப் பழமொழிக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது.

1950-களின் தொடக்கத்தில் பீட்டர் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் கோலாலம்பூரில் கல்வித் துறையின் ஓவியக் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். கலையில் ஆர்வமுள்ளவர்களை அவர் வாரந்தோறும் ஒன்றுகூட்டி வரையச் செய்தார். புதன்கிழமைகளில் கூடியதால் அதற்குப் புதன்கிழமை ஓவியக் குழு என்றே பெயர் வந்தது. ஆசிரியரைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அவரவர் மனத்தில் உள்ளதை அவரவர் கையால் வரைந்தார்கள். தேசிய அரும்பொருளகத்தின் முகப்பில் இருக்கும் பெரிய சுவரோவியங்களை வடிவமைத்த சியோங் லாய் தோங் அக்குழுவைச் சேர்ந்தவர். சிவம் செல்வரத்தினம், கிரேஸ் செல்வநாயகம் ஆகிய இரு பெண்மணிகளும் அக்குழுவில் இருந்தவர்களே. கிரேஸ் செல்வநாயகம் பிற்காலத்தில் மலாய் மக்களின் சொங்கெட் நெசவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அது 1990-இல் வெளிவந்தது.

பினாங்கைச் சேர்ந்த சுவா தியன் தெங் என்பவரின் கதையும் கேட்கத் தக்கது. துணிக்கடைச் சரக்காக இருந்த பாத்தேக்கை, சுவரில் மாட்டும் ஓவியமாக ஆக்கியவர் அவர். 1950-களில் அந்த முயற்சியில் இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பது. நாற்பதில் தொடங்கியவரை இன்று உலகம் பாத்தேக் ஓவியத்தின் முன்னோடி என்று மதிக்கிறது. ஆகவே வயதைக் காரணம் காட்டி ஒதுங்க வேண்டியதில்லை.

அடுத்து ஒரு தயக்கம் வரும். “எங்களுக்குப் பென்சில் பிடிக்கவே தெரியாதே” என்பார்கள். பென்சில் பிடிக்காத கை, வேறு எதையும் பிடிக்காத கையா? சற்று எண்ணிப் பார்ப்போம்.

ரப்பர் மரம் சீவும் தொழிலாளி ஒவ்வொரு முறையும் பட்டையை ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் எடுக்கிறார். மேலாகச் சீவினால் பால் இறங்காது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும் அந்த வெட்டை, விடியற்கால இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே சீராக வெட்டிய கை அது. அச்சோவிய வகுப்பில் லினோ பலகையைச் சிறு உளியால் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பார்கள். அங்கே புதிதாகச் சேர்பவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது உளியின் ஆழத்தைக் கட்டுப்படுத்துவதுதான். பால்மரம் சீவியவருக்கு அது பாதி கைவந்த வேலை.

கோலம் போடும் தாய்மார்களின் கையும் அப்படியே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மாவை ஒரே அளவாக விட்டுக்கொண்டே போக வேண்டும். கை தயங்கினால் கோடு தடிக்கும்; விரைந்தால் கோடு அறுந்துபோகும். பாத்தேக்கில் மெழுகுக் கோடு இழுப்பதும் இதே விதிக்கு உட்பட்டதுதான். அதனால்தான் பாத்தேக்கை நம் பெண்களுக்கு ஏற்ற முதல் வகுப்பாக நாம் பரிந்துரைக்கிறோம்.

பாத்தேக் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். வெள்ளைப் பருத்தித் துணியையோ பட்டையோ மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் பென்சிலால் படத்தை வரைவார்கள். மெழுகையும் பிசினையும் சேர்த்து உருக்கி, சந்திங் என்ற கருவியில் அள்ளுவார்கள். மரக் கைப்பிடியும், செம்பாலான சிறு கிண்ணமும், அதிலிருந்து நீளும் மெல்லிய மூக்கும் உடையது சந்திங். அந்த மூக்கு வழியாக மெழுகு இறங்கும். மெழுகு துணியின் மறுபக்கம் வரை ஊற வேண்டும். சூடு குறைந்தால் மேலாகவே உறைந்துவிடும். சூடு மிகுந்தால் பரவிவிடும். கோட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் சாயம் அந்த வாசல் வழியாகப் பக்கத்துப் பூவுக்குள் புகுந்துவிடும். மெழுகு காய்ந்தபின் தூரிகையால் சாயம் தீட்டுவார்கள். சாயம் உலர்ந்ததும் சோடியம் சிலிகேட் கரைசலைப் பூசிச் சில மணி நேரம் விட்டுவைத்தால் நிறம் துணியைப் பற்றிக்கொள்ளும். பின்னர் அலசி, கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று மிதக்கும். மெழுகு இருந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நகரத்தில் பாத்தேக் கற்றுத் தருகிறோம் என்று சொல்லும் பல இடங்களில், மெழுகுக் கோடு முன்பே போட்டுவைக்கப்பட்ட துணியைத்தான் கையில் கொடுப்பார்கள். நாம் வண்ணம் மட்டும் நிரப்ப வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அது சுற்றுப்பயணிகளுக்கான பொழுதுபோக்கு. அதில் தவறு ஒன்றும் இல்லை. துணி பிடிக்கிறதா, மனம் ஒட்டுகிறதா என்று பார்க்க அதுவே மலிவான வழி. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டும் என்று போகிறவர், “நாங்களே மெழுகு எழுதலாமா? சாயத்தை நிலைப்படுத்துவதையும் சொல்லிக் கொடுப்பீர்களா?” என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பதில் ஆம் என்றால் அது வகுப்பு.

இனி இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பசார் செனி எனப்படும் மத்தியச் சந்தை. 1888-இல் மீன், காய்கறி விற்கும் சந்தையாகத் தொடங்கிய இடம் அது. 1980-களின் நடுவில் அதை இடிக்காமல் காப்பாற்றிக் கலைப்பொருள் சந்தையாக மாற்றினார்கள். இலகு ரயிலிலும் எம்.ஆர்.டி. ரயிலிலும் பசார் செனி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஓவியர்கள் அங்கே அமர்ந்து உருவப்படம் வரைவதை நின்று பார்க்கலாம். பார்ப்பதற்குக் காசு இல்லை. வேலை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, அவர் யாருக்காவது கற்றுத் தருகிறாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெயர்ப்பலகை இல்லாத நல்ல வகுப்புகள் இப்படிக் கேட்டுத்தான் கிடைக்கின்றன.

இரண்டாவது, ஜாலான் கொன்லேயில் உள்ள கைவினை வளாகம். அரசாங்கத்தின் கைவினை மேம்பாட்டுக் கழகம் நடத்துவது அது. பாத்தேக் வரைந்து பார்க்க அங்கே வசதி உண்டு. ஓவியர்கள் தங்கள் பட்டறைகளில் வேலை செய்வதையும் காணலாம். 2023 முதல் கொன்லே என்ற பெயரிலேயே எம்.ஆர்.டி. நிலையம் பக்கத்தில் வந்துவிட்டது.

மூன்றாவது, ஜாலான் துன் ரசாக் வட்டாரத்தில் இருக்கும் தேசியக் கலைக்கூடம். 1958-இல் தொடங்கப்பட்டு, 1998 முதல் இப்போதைய கட்டடத்தில் இயங்கி வருகிறது. கண்காட்சிகளை ஒட்டி அவ்வப்போது பயிலரங்குகள் நடக்கும். வகுப்பில் சேரும் முன் அங்கே ஓர் அரை நாள் சுற்றிப் பார்ப்பது நல்லது. எந்தப் படத்தின் முன் நம் கால்கள் தாமாக நிற்கின்றன என்று கவனித்தால், எதைக் கற்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நான்காவது, செத்தாப்பாக்கில் உள்ள ரோயல் சிலாங்கூர் நிறுவனம். 1885-இல் தொடங்கிய இந்நிறுவனம் பியூட்டர் என்ற உலோகத்தில் பாத்திரங்கள் செய்கிறது. வெள்ளீயத்துடன் சிறிது செம்பும் ஆண்டிமனியும் சேர்ந்த கலவை அது. கட்டணம் செலுத்தினால், தட்டையான ஒரு வட்டத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சிறு கிண்ணமாக்கும் பயிற்சியைத் தருகிறார்கள். ஒரு நாள் அனுபவம்தான்; ஆனால் நாம் தட்டிய கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்து வரலாம். ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த நகரம் கோலாலம்பூர் என்பதைக் கையாலேயே தெரிந்துகொள்ளும் பாடம் அது.

ஆடலும் இசையும் விரும்புவோர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள டெம்பிள் ஆப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைக் கோயிலை விசாரிக்கலாம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் நிறுவியது அது. நம் மொழியில் பேசி விசாரிக்க வசதியான இடம்.

களிமண் வேலைக்கு நகரத்தில் தனியார் பட்டறைகள் இருக்கின்றன. இங்கே ஒரு செய்தியைத் தூரத்திலிருந்து வருபவர்கள் அறிந்திருக்க வேண்டும். நாம் வனைந்த குவளையை அன்றைக்கே எடுத்து வர முடியாது. அது முதலில் நன்றாக உலர வேண்டும். பிறகு ஏறக்குறைய ஆயிரம் பாகை வெப்பத்தில் ஒருமுறை சுடுவார்கள். அதன்மேல் மெருகுக் கலவை பூசி, இன்னும் கூடுதலான வெப்பத்தில் மறுமுறை சுடுவார்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே எப்போது வந்து எடுப்பது, சூளைக்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு குவளைக்காக இரண்டு பயணச் செலவு வந்துவிடும். மண்வேலை நமக்குப் புதிதன்று. குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் குயவர்கள் பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்து வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் நகரத்துக்குப் போகுமுன் அங்கே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

இடம் தெரிந்தபின் தேர்ந்தெடுப்பது எப்படி? ஆழம் தெரியாமல் காலை விடலாகாது. பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? பத்துப் பேருக்கு மேல் போனால் நம் கையை அவர் கவனிக்க நேரம் இராது. பொருள்களின் விலை கட்டணத்தில் அடக்கமா? எந்த மொழியில் நடத்துகிறார்கள்? பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ சீனத்திலோ நடக்கும். மலாய்மொழி நம்மில் பலருக்குப் போதிய அளவு வரும், தயங்க வேண்டாம். கைவேலை வகுப்பில் காதைவிடக் கண்ணுக்கே வேலை அதிகம். ஒரு வாரம் வர முடியாமற்போனால் பணம் வீணாகுமா, மறு வாரம் சேர்த்துக்கொள்வார்களா என்பதையும் கேளுங்கள்.

ஆசிரியர் வரைந்த படங்களைக் காட்டி நம்மை மயக்குவார்கள். அவை அழகாகத்தான் இருக்கும். “மூன்று மாதம் படித்த மாணவர்களின் படத்தைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். எல்லா மாணவர்களின் படமும் ஒரே அச்சாக இருந்தால், அங்கே ஆசிரியரின் கைதான் ஓடியிருக்கிறது என்று பொருள். கோணலாக இருந்தாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறாக இருந்தால், அங்கே மாணவர் கற்கிறார்.

இப்போது பணத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்தை 26 வேலை நாளாக வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. வகுப்புக் கட்டணம், பயணச் செலவு, மதியச் சாப்பாடு, பொருள்களின் விலை ஆகிய நான்கையும் கூட்டுங்கள். அது எத்தனை நாள் சம்பளம் என்று பாருங்கள். மாதத்துக்கு ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டினால் நிதானித்து முடிவு செய்யுங்கள். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பாருங்கள். மனம் நிறைந்தால் தொடருங்கள். கடன் வாங்கிக் கலை கற்க வேண்டாம். விலை உயர்ந்த வண்ணப்பெட்டியும் வேண்டாம். ஒரு பென்சிலும், மலிவான தாள்கட்டும், அழிப்பானும் இருந்தால் முதல் மூன்று மாதத்தை ஓட்டிவிடலாம். கற்றவுடன் இதில் வருமானம் கொட்டும் என்று ஆசை காட்டுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நல்ல கைக்கு நாளடைவில் காசு வரலாம். ஆனால் அதை முன்கூட்டியே விற்கிறவர் ஆசிரியர் அல்லர், வியாபாரி.

இவ்வளவு கட்டணம் நம்மால் முடியாது என்போருக்கும் வழி உண்டு. 2001 முதல் நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் செயல்பட்டு வருகின்றன. முழுநேரப் படிப்போடு, பொதுமக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் குறுகிய காலப் பயிற்சிகளையும் அவை நடத்துகின்றன. தையல், அடுமனைப் பண்டங்கள், கைவினை என்று இடத்துக்கு இடம் பாடம் மாறும். சிறு பட்டணங்களிலும் அவை இருப்பதால், பல தோட்டங்களுக்குக் கோலாலம்பூரைவிட அவையே பக்கம். கிராமப்புறப் பெரியவர்களுக்காகக் கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறையும் கைத்தொழில் வகுப்புகளை நடத்தி வந்திருக்கிறது. நேரில் போய், வரும் மாதங்களில் என்ன பயிற்சி இருக்கிறது என்று கேளுங்கள். பத்துப் பேர் பெயர் எழுதிக் கையோடு கொண்டு போனால் கேட்பதற்கு வலு இருக்கும். நகரத்து ஓவியர் ஒருவரைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, கோயில் மண்டபத்துக்கோ சமூக மண்டபத்துக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைக்கவும் முடியும். மேசை, தண்ணீர், நல்ல வெளிச்சம் ஆகிய மூன்றும் இருந்தால் வகுப்பு நடந்துவிடும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இத்தகைய வகுப்புக்குப் போக விரும்பினால், அன்றைய சமையலையும் சின்னப் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தைவிடப் பெரிய தடை பல வீடுகளில் அதுதான். நீங்களும் கூடப் போனால் இன்னும் நல்லது. வெட்டும் கத்தியும் செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாளும் பிடித்த கை, ஓய்வுபெற்றபின் சும்மா இருக்கப் பழகிவிட்டால் உடம்பும் மனமும் சோர்ந்துபோகும்.

இறுதியாக, இந்தப் பேச்சின் உயிரான செய்தியைச் சொல்லிவிடுகிறோம். வகுப்பில் சேர்ந்தவுடன் ஆசிரியர், “உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை வரையுங்கள்” என்பார். பக்கத்தில் இருப்பவர் பூக்கிண்ணத்தை வரைவார். நீங்கள் எதை வரைவீர்கள்? நமக்குத் தெரிந்தது சீவிய மரத்தின் சரிந்த கோடுகள், லயத்து வாசல், ஆயாக்கொட்டகைத் தொட்டில்கள், ஆலமரத்தடி முனியாண்டி. எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டு வீட்டு மனைகளாகிவிட்டன. லயம் இருந்த இடத்தில் சாலை போகிறது. புகைப்படம் கூட இல்லாத தோட்டங்கள் பல. அந்த இடங்களைக் கண்ணால் கண்ட தலைமுறைக்கு இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறது. தொட்டியிலிருந்து தண்ணீர் தூக்கி வந்த பாதை எப்படி வளைந்தது, கோயில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். நாம் வரையாவிட்டால் நமக்காக வேறு யாரும் அதை வரையப் போவதில்லை. பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு கோணல் படம் இருந்தாலும் போதும், “தாத்தா, இது என்ன?” என்று அது கேட்கும். அதன்பின் கதை தானாக வரும்.

அந்த ஒரு படத்துக்காகவாவது நகரத்தில் ஒரு வகுப்பைத் தேடிப் போவோம். போக முடியாதவர்கள் வகுப்பை நம் இடத்துக்கு வரவழைப்போம்.